டை ராடுக்காக ஒரு சாட்சி

படித்தவன் தவறு செய்தால் அவனுக்கு ஒரு வசதி உண்டு. காரணம் சொல்லத் தெரியும். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், என் மனைவி ரூபியின் கையிலிருந்த ஸ்டீயரிங்கைப் பறித்தது அப்படித்தான்.

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு போர்டிகோவில் நிற்கும் சின்னக் கார் பெயருக்குத்தான் என்னுடையது. ஓட்டுவது ரூபி. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, "இந்த வயசுல எதுக்கு?" என்ற உறவினர்களை எல்லாம் மீறிக் கற்றுக்கொண்டாள். ஞாயிறுதோறும் பிரேசர் டவுனில் பாடகர் குழுத் தோழி கிரேஸை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டிப் போவாள். பக்கத்தில் நான் வேதாகமத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் சாலைக் குழிகளின் புண்ணியத்தில் காரின் முன்பக்கம் கடகடவென்றது. ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், டை ராட் முனை எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். நானே மாற்றுகிறேன் என்றேன். (யூடியூபில் ஒருவர் காபி குடித்துக்கொண்டே மாற்றியதைப் பார்த்திருந்தேன்.)

"டியூப்லைட்ட மாத்துறேன்னு ஃபேனை நிறுத்துனவராச்சே நீங்க," என்றாள் ரூபி.

ஷாக்கும் ஆர்மும் ஒருவழியாக மாறின. என்னைக் கவிழ்த்தது டை ராட். ஸ்டீயரிங் திரும்பினால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி அது. அதன் பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே முறுக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, "ஏன் சார், கேரேஜ் ஓப்பன் மாடித்ரா?" என்று, கேரேஜ் திறந்துவிட்டீர்களா எனக் கன்னடத்தில் கேலியாகக் கேட்டார். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? நெம்புகோல் தத்துவத்திலிருந்து விளக்கினேன். அவர் தப்பித்துப் போனபோது என் எண்ணிக்கையும் போயிருந்தது. குத்துமதிப்பாக முறுக்கினேன். (மாணவன் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.) சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று ஒர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட் பார்க்கவும் போகவில்லை. என் வேலையை இன்னொருவன் சோதிப்பதா?

மாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கார் இடது பக்கம் இழுத்தது. தெரிந்தே சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரூபி சொன்னாள்: "என்னங்க, லெஃப்ட்ல இழுக்குது."

"ரோடு அப்படி. மழைத்தண்ணி ஓட ஓரமா சரிச்சுப் போட்டிருக்கான்."

"போன வாரமும் இதே ரோடுதானே?"

"போன வாரம் நீ கவனிக்கல. கொஞ்சம் ரைட்ல புடிச்சுக்க. கையில ஒரு ஸ்டெடி வேணும்."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த காய்கனிகளையும் கோழிகளையும் கோயில் வளாகத்தில் மேசை போட்டு அடுக்கி ஏலம் விடுவார்கள். ரூபி மெதுவாகத்தான் உள்ளே ஓட்டினாள். யாரோ வணக்கம் சொல்ல, பதிலுக்கு ஒரு கையை எடுத்தாள். சரிவே இல்லாத சிமென்ட் தரையில் கார் இடது பக்கம் போய், மேசையைத் தள்ளி, பூசணிக்காய் மேல் ஏறி நின்றது. சேவல் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பீடத்தை நோக்கி ஓடியது. யாருக்கும் அடியில்லை.

"வயசான காலத்துல இந்தம்மாவுக்கு எதுக்குப்பா ஸ்டீயரிங்கு?" என்றது ஒரு குரல்.

ரூபி என்னைப் பார்த்தாள். நான் பூசணிக்காயைப் பார்த்தேன்.

ஏலக்காரர் விடவில்லை. "ரூபி அக்கா வெட்டிக் குடுத்த பூசணி! அப்படியே சாம்பார்ல போடலாம்!" கூட்டம் சிரித்தது. எல்லாத் துண்டுகளையும் நானே ஏலத்தில் எடுத்தேன். அதுதான் அன்று எனக்குத் தெரிந்த மனந்திரும்புதல்.

அதன்பின் அவள் சாவியைத் தொடவில்லை. ஆட்டோவில் போனாள். நான் ரகசியமாக அலைன்மென்ட் செய்துவந்து, "இப்ப ஓட்டிப் பாரேன்," என்றேன்.

"வேணாங்க. காருக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க. என் கைதான் சரியில்ல."

காரைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கெட்டுப்போனது கார் மட்டும் இல்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கு அத்தன பேரு சிரிச்சாங்க. என்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படி?" என்றாள்.

எங்கள் சபையில் ஆராதனைக்குப் பின் சாட்சி சொல்ல நேரம் உண்டு. நோய் தீர்ந்தவர்களும் விசா கிடைத்தவர்களும் எழுந்து நன்றி சொல்வார்கள். அடுத்த ஞாயிறு நான் எழுந்தேன். போதகர் மைக்கைக் கொடுத்து, "சுகர் குறைஞ்சிருச்சா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"டை ராடைத் தப்பாக மாட்டினேன்," என்று தொடங்கினேன். பழக்க தோஷத்தில் யாரோ "ஸ்தோத்திரம்!" என்றார்கள்.

"கார் இழுப்பது எனக்குத் தெரியும். பழியை என் மனைவியின் கைமேல் போட்டேன். அத்தனை பேர் சிரித்தபோதும் வாய் திறக்கவில்லை." இதற்கு ஸ்தோத்திரம் வரவில்லை.

கிரேஸ்தான் பாடகர் வரிசையிலிருந்து கேட்டாள்: "அப்ப அந்தப் பூசணிக்காய நசுக்குனது நீங்கதானா சார்?" கோயில் குலுங்கியது. இந்த முறை சரியான ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ரூபி மறுபடி ஓட்டுகிறாள். வீட்டில் எதற்காவது நான் காரணம் சொல்லத் தொடங்கினால், "மைக் கொண்டு வரட்டுமா?" என்கிறாள். மகளும் மருமகனும்கூடப் போனில் அதையே கேட்கிறார்கள்.

ஆனால் கோயில் வளாகத்துக்குள் மட்டும் அவள் காரைக் கொண்டுபோவதில்லை. வெளியே தெருவில் நிறுத்திவிட்டு நடக்கிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை. கூடவே நடக்கிறேன்.