நகம் அண்ணனும் நகரும் இந்தியாவும்

நிலம் நகர்கிறது என்பதைச் சுண்டுவிரலை நீட்டியே நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதர் மலேசியாவின் ஈப்போவில் நகம் அண்ணன்தான்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். என்னைவிட ஒன்பது வயது சிறியவர். ஆனாலும் ஊருக்கே அண்ணன். இடது கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் வெட்டவே மாட்டார். நான் அளந்தபோது ஏழு சென்டிமீட்டர். அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி அவர் என் காதோரம் கத்திரிக்கோலை ஓட்டும்போது, காதுகள் இரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்வேன். என் தலையில் எண்ணுவதற்கு அதிகமில்லை. பதினேழு முடிகள்.

குற்றம் என்னுடையதுதான். ஒரு நாள் அவர் கடையில் பத்திரிகையை உரக்கப் படித்தேன். பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, அவை நகர்கின்றன, இந்தியா இருக்கும் தட்டு ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது என்று போட்டிருந்தது.

“எந்தப் பக்கம் கிராணி?” என்று கேட்டார். தோட்டத்தில் ரப்பர் மரங்களை எண்ணி எழுதியவன் நான். கிராணி என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“வடகிழக்கு.”

“அப்ப நம்ம பக்கம்தான் வருது லா!”

அன்றிலிருந்து அந்த நகத்தில் கத்தி படவில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில், தாயில்லாத அவருக்குச் சோறூட்டி, நகம் வெட்டி வளர்த்தது அக்காதான். அக்காவின் கணவருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை, வேலையும் போயிற்று. இருவரும் பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது இவருக்குப் பத்து வயது. அதன்பிறகு அக்காவைப் பார்க்கவேயில்லை. “ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே” என்று யாராவது சொன்னால் நகத்தைக் காட்டுவார்.

“ஊரே வந்துக்கிட்டு இருக்கு. நான் எதுக்குப் போகணும்?”

ஒரு மத்தியானம் கடைக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. கொடியில் தொங்கிய மூன்று துண்டுகளும் ஆடின. அண்ணன் கத்தியோடு தெருவுக்கு ஓடினார்.

“இடிச்சிருச்சு லா! ஊர் வந்து இடிச்சிருச்சு!”

ஒரு கன்னத்தில் நுரையோடு லாரி டிரைவர் ஒருவர் பின்னாலேயே ஓடினார். “அண்ணே, மிச்சப் பாதிய வழிச்சிட்டு ஊருக்குப் போங்கண்ணே!”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “தம்பி, அது சுமத்ராவுல வந்த நிலநடுக்கம். கடலுக்கு அடியில ஒரு தட்டு இன்னொண்ணுக்குக் கீழ போய்ச் சொருகுது. இந்தியா வடக்க இமயமலைய முட்டித் தள்ளிக்கிட்டு இருக்கு. நம்ம ஈப்போவுக்கு வராது.”

அவர் கடைக்குள் திரும்பிக் கத்திரிக்கோலை எடுத்தார். அன்று என் பதினேழில் ஆறு போயிற்று. அடுத்த இரண்டு முறையும் பேச்சே இல்லை. மூன்றாம் முறை, கைப்பேசியை நீட்டினார். அக்கா மகன் எழுதியிருந்தான்: “மாமா, அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே போகுது. முழுசாப் போறதுக்குள்ள வாங்க.”

“பத்து வயசுல பாத்த மூஞ்சி, கிராணி. போய் நின்னு, யாருன்னு கேட்டுட்டாங்கன்னா?”

இத்தனை நாளும் அவர் இந்தியாவை வரச்சொல்லிக் காத்திருந்தது இந்தப் பயத்தினால்தானா என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கணக்குத்தான் தெரியும்.

“திருச்சிக்கு விமானத்துல நாலு மணி நேரம். அதுக்குள்ள உங்க நகம் ஒரு முடி கனம்கூட வளராது. நிலம் எங்கயும் ஓடிடாது தம்பி. போயிட்டு வாங்க.”

கடை பதினெட்டு நாள் பூட்டிக் கிடந்தது. தினமும் போய்ப் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் திறந்திருந்தது. சுண்டுவிரல் மொட்டையாக இருந்தது.

“தம்பி, நகம் எங்க?”

“நான் பயந்த மாதிரியே யாருன்னு கேட்டுட்டாங்க, கிராணி. கையப் புடிச்சுத் தடவிப் பாத்தாங்க. நகம் தட்டுப்பட்டுச்சு. ‘ஏன்டா, நான் வந்து வெட்டுவேன்னா இத்தன வருஷம் உக்காந்திருந்த?’ன்னு திட்டிக்கிட்டே வெட்டி விட்டாங்க.” துண்டை உதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அடுத்த வருஷமும் வளத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.”

என் தலையில் இப்போது பதினொரு முடிகள். வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மாதம் இரண்டு முறை, சட்டைப்பையில் அளவுகோலை வைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போகிறேன். நேற்று இரண்டு மில்லிமீட்டர் இருந்தது.