மாடிக்கொரு பெரியப்பா

மனிதன் வீட்டை விட்டு வெளியூர் போய்த் தங்குவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனக்கு இருந்தது ஒரே காரணம்தான். வீடு.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளன். கண்காணிப்பாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வு தலைநகரத்தில், காலை பத்து மணிக்கு. போன தடவை இதே தேர்வுக்கு வீட்டிலிருந்தே கிளம்பினேன். மைத்துனர் குடும்பம் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்து, பார்த்து முடியாமல் தங்கிவிட்ட சமயம் அது. குளியலறைக்கு வரிசை, இஸ்திரிப் பெட்டிக்கு வரிசை. நான் போய்ச் சேர்ந்தபோது தேர்வுக் குழு எழுந்து சாப்பிடப் போய்விட்டது. பதவி எனக்குக் கீழே வேலை பார்த்தவனுக்குக் கிடைத்தது. இப்போது அவன் என்னை "ஏங்க, இங்க வாங்க" என்று விரலால் கூப்பிடுகிறான். இந்தத் தடவையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை அவனிடம்தான் லீவு கேட்டு நிற்க வேண்டும்.

ஆகவே, மேற்படி நிலைமைகளைக் கவனமாகப் பரிசீலித்து, முந்தின நாளே போய் மலிவாக ஒரு தனி அறை எடுத்துத் தங்குவதென்று தீர்மானித்தேன். அமைதியாகப் படிக்கலாம். நன்றாகத் தூங்கலாம். காலையில் ஆற அமரக் குளிக்கலாம். மனைவியிடம் சொன்னேன். "போய் நிம்மதியா இருங்க" என்று பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் ஆசைதான், பாவம்.

விடுதி, தேர்வு நடக்கும் தலைமை அலுவலகத்துக்குப் பின்தெருவில், ஒரு டயர் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தது. வெயில் என்றால் வெயில், மண்டை பிளக்கிற வெயில். பேருந்து, ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறாத குறை. எப்படியோ வியர்வையில் நனைந்து உள்ளே போய் நின்றேன். மேஜைக்குப் பின்னால் மேனேஜர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அரைக்கண்ணால் பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார். மறுபடியும் டிவி.

"நான் ரூம் பதிவு பண்ணியிருக்கேன்" என்றேன்.

"தெரியுது தெரியுது. செருப்பை வெளியே விடு. இப்பத்தான் தரையைத் துடைச்சாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதோ பாருங்க, மரியாதையா பேசுங்க. நான் ஒரு அரசாங்க ஊழியன்."

அவ்வளவுதான், மனிதர் துள்ளி எழுந்து டிவியை நிறுத்திவிட்டார். கைகூப்பாத குறையாக, தணிந்த குரலில் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. எல்லாம் மேலிடத்து உத்தரவு. விருந்தினர் நலத்துறையிலேருந்து ஆணை போட்டிருக்காங்க. சிறு விடுதிகள் எல்லாம் தங்க வர்றவங்களுக்கு வீட்டு உணர்வு குடுக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் ரத்து."

"வீட்டு உணர்வுன்னா நல்லதுதானே? அதுக்கு எதுக்கு வாடா போடான்னு..."

"நானும் அதைத்தான் சார் கேட்டேன். முன்னாடியெல்லாம் வாசல்லயே நின்னு 'வாங்க சார்'னுதான் சொல்லுவோம். வல்லுநர் குழு வந்து என்னைக் கேட்டுச்சு: 'உங்க வீட்ல உங்களை யாராவது வாங்க சார்னு கூப்பிடறாங்களா?' அன்னையோட அதை நிறுத்திட்டோம்."

வல்லுநர் குழு விஞ்ஞான முறைப்படி இயங்கியதாம். வீடு வீடாகப் போய், 'உங்கள் வீட்டில் என்னென்ன நடக்கிறது?' என்று ஜனங்களைக் கேட்டார்களாம். ஜனங்கள், யாரோ கேட்க வந்துவிட்டார்களே என்கிற சந்தோஷத்தில், மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்களாம். கொட்டியது அத்தனையும் விதிமுறையாகிவிட்டது. அமைதி, தனிமை, ஓய்வு ஆகியவற்றை ஒருவர்கூடக் குறிப்பிடாததால் அவை சேர்க்கப்படவில்லை.

"நாளைக்குக் காலைல ஆய்வு அதிகாரி வர்றார் சார். என் பிழைப்பே அதுல இருக்கு. அதனால நீங்க கொஞ்சம்..." என்று இழுத்தவர், டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சாவி கதவுலயே இருக்கு. மாடிக்குப் போ. போறப்ப அந்த லைட்டை அணைச்சுட்டுப் போ."

அணைத்துவிட்டுப் போனேன்.

அறையில் ஒரு கட்டில். கட்டிலில், பனியனும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெரியவர் படுத்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மன்னிக்கணும், அறை மாறி வந்துவிட்டேன் என்று திரும்பினேன்.

"மாறலை, வா. நான்தான் பெரியப்பா" என்றார்.

"யாருக்கு?"

"இந்த மாடிக்கு. மாடிக்கொரு பெரியப்பா இருக்கணும்னு விதி. கீழ் மாடில ஒருத்தர் இருக்கார், அவருக்குக் காது கேக்காது. நீ குடுத்து வச்சவன்." கொஞ்சம் நகர்ந்து படுத்தார். "என்ன வேலை பண்றே?"

சொன்னேன்.

"இன்னும் அதே உதவியாளரா?" உச்சுக் கொட்டினார். "பக்கத்து ரூம்ல போன வாரம் ஒருத்தன் தங்கினான். உன் வயசுதான். என்னமா முன்னுக்கு வந்திருக்கான்! விடியக்காலைல எழுந்திருப்பான். உன்னை மாதிரி மத்தியானத்துக்கு வந்து நிக்க மாட்டான்."

முன்பின் பார்க்காத அந்தப் பக்கத்து அறைக்காரன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. புழுக்கம் வேறு. சுவரில் ஏசி இருந்தது. ரிமோட்டைத் தேடினேன்.

"அது பீரோல பூட்டியிருக்கு. விருந்தாளி வந்தாத்தான் ஏசி" என்றார் பெரியப்பா.

"நான்தானே விருந்தாளி?"

"நீ எப்படி விருந்தாளி ஆவே? நீ வீட்டு ஆளு. நல்ல துண்டு, நல்ல டம்ளர், புது சோப்பு எல்லாம் விருந்தாளிக்கு. அந்த ஆணியில கிழிஞ்ச துண்டு இருக்கு பாரு, அதுதான் நமக்கு."

"அப்படின்னா விருந்தாளின்னு யாராவது வருவாங்களா?"

"வந்தா வீட்டு ஆளு ஆயிடறாங்களே!" என்றார் அவர், சற்று வருத்தத்தோடு.

சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு வழி பார்த்துவிட்டு வரலாம் என்று வெளியே போனேன். தேர்வு நடக்கும் கட்டடத்தையும் வாசலையும் வாயிற்காவலரையும் கண்குளிரப் பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினேன். மேனேஜர் இடுப்பில் கைவைத்து வாசலை மறித்து நின்றார்.

"நினைச்சா போறதுக்கும் நினைச்சா வர்றதுக்கும் இது என்ன லாட்ஜா?"

அவர் தலைக்கு மேலே 'லாட்ஜ்' என்ற எழுத்துகள் சிவப்பு விளக்கில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். "எதிர்த்துப் பேசாதே. போய் வெங்காயம் வாங்கிட்டு வா" என்றார். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. போனேன். பேரம் பேசி, பொறுக்கி எடுத்து வாங்கி வந்தேன். மேனேஜரின் மனைவி, அந்த விடுதியின் அதிகாரபூர்வ அண்ணி, பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா ஏமாத்திட்டான் உங்களை. ஒரு வேலையும் உருப்படியா செய்யத் தெரியாதா?" என்றாள்.

சாப்பாட்டில் உப்பு கம்மி. அதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணி உள்ளே போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக 'டங், டங்' என்று வைத்தாள். 'அதிருப்தியைப் பாத்திர ஒலி வாயிலாகத் தெரிவித்தல்' விதிமுறையில் தனிப் பிரிவாகவே இருக்கிறதாம். அறைக்குப் போய்ப் புத்தகத்தை விரித்தால், கீழே டிவியில் ஒரு மாமியார் அழ, மேலே பெரியப்பா அதற்கு விளக்கம் சொல்ல, அலுவலக நடைமுறைச் சட்டம் என் கண் முன்னால் புகையாகப் போயிற்று. கீழே இறங்கிப் போய்க் கத்தினேன்.

"கொஞ்சமாவது மனுஷனைப் படிக்க விடறீங்களா? எனக்குன்னு இந்த வீட்ல ஒரு மூலை உண்டா?"

மேனேஜர் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. "அண்ணி, கேட்டீங்களா? 'இந்த வீட்ல'ன்னு சொல்றார்!" என்று மனைவியையே அண்ணி என்று கூப்பிட்டுவிட்டார், சந்தோஷத்தில். "சார், நாளைக்கு அதிகாரி முன்னாடியும் இதே மாதிரி ஒரு வார்த்தை!"

மறுநாள் காலை. குளியலறை என் அறையிலேயே, எனக்கே எனக்கென்று இணைக்கப்பட்டது. தள்ளிப் பார்த்தேன். உள்ளே தாழ்.

"உள்ளே யாரு?"

"நான்தான் பெரியப்பா."

"சீக்கிரம் வாங்க, எனக்கு நேரமாச்சு!"

"இதோ வந்துட்டேன்." தண்ணீர் திறக்கும் சத்தம். பிறகு பாட்டு.

ஒன்பது மணி ஆயிற்று. வந்துட்டேன் என்ற சொல் வந்ததே தவிர ஆள் வரவில்லை. சரி, சட்டையையாவது போட்டுக்கொள்வோம் என்று பார்த்தால், தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையைக் காணோம். ஜன்னல் வழியாகக் குனிந்தேன். ரூம் சுத்தம் செய்கிற பையன், விதிப்படி இந்த வீட்டுத் தம்பி, அதைப் போட்டுக்கொண்டு, மடிப்புக் கலையாமல், ஜம்மென்று தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. இடுப்பில் கிழிந்த துண்டு, வாயில் பற்பசை நுரை, அப்படியே படியிறங்கி ஓடினேன். அங்கே, சில்லென்று ஏசி ஓட, பூப்போட்ட டம்ளரில் காபி குடித்துக்கொண்டு ஆய்வு அதிகாரி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டின் ஒரே விருந்தாளி.

"இதெல்லாம் ஒரு வீடா?" என்று அலறினேன். "குளிக்க முடியுதா, படிக்க முடியுதா? ஒரு சட்டையை ஆணியில மாட்ட முடியுதா? எல்லாருக்கும் நான்தான் கிடைச்சேனா? இனிமே இந்த வாசப்படி மிதிச்சேன்னா என்னை ஏன்னு கேளுங்க!"

அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. "அப்படியே எங்க வீடு" என்றார். "சான்றிதழ் இப்பவே குடுத்துடறேன். முதல் தரம்."

"யோவ், நான் புகார் சொல்றேன்யா!"

"புகார்தான் சார் ஆதாரம். விடுதியில தங்கறவன் பிடிக்கலேன்னா காலி பண்ணிட்டுப் போவான். வீட்ல இருக்கிறவன்தான் கத்திட்டு அங்கேயே இருப்பான். நீங்க ஏன் நேத்தே காலி பண்ணலை?"

நான் வாயைத் திறந்தேன். நுரைதான் வந்தது. எதிரிலேயே இன்னொரு விடுதி இருந்தது, வந்தபோதே பார்த்தேன். காலி செய்யலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து விட்டுப்போன பழக்கம்.

பெரியப்பா தன் சட்டை ஒன்றைக் கொடுத்தார். அதில் என்னைப்போல் இன்னொரு உதவியாளனும் நுழையலாம். குளிக்காமல், திருநீறு பூசியதுபோல் முகத்துக்குப் பவுடரை மட்டும் அப்பிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போய், பத்துக்குச் சரியாக வாசலில் விழுந்தேன்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். மூன்று பேர் முகத்திலும் கவலை. நடுவில் இருந்த பெரிய அதிகாரி ஒரே கேள்வி கேட்டார். "விடுதிகளுக்குப் போட்ட உத்தரவு இப்ப அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்திருக்கு. வரும் பொதுமக்களுக்கு வீட்டு உணர்வு குடுக்கணுமாம். என்னென்ன மாற்றம் செய்யலாம்? இதுவரைக்கும் வந்தவங்க சோபா போடலாம், பூந்தொட்டி வைக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கெல்லாம் நிதி இல்லை."

நான் படித்துக்கொண்டு போன எதுவும் ஞாபகம் வரவில்லை. வந்தது முந்தின நாள் மட்டும்தான்.

"ஒரு மாற்றமும் வேண்டாம் ஐயா" என்றேன்.

"என்னது?"

"நம்ம ஆபீஸ் ரொம்ப நாளாவே வீடுதான் ஐயா. ஒருத்தர் வந்து நின்னா நாம நிமிர்ந்து பார்க்கறதில்லை. 'மறுபடியும் வந்துட்டியா?'ன்னுதான் கேட்கறோம். நாலு பேர் முன்னாடி திட்டறோம். ஒரு சின்ன விஷயம் கேட்டா, 'இதோ, ஆச்சு'ன்னு சொல்லிட்டு மறந்துடறோம். கக்கூஸ் சாவி நம்மகிட்டதான் இருக்கு. ஃபேன் நம்ம தலைக்கு மேலதான் ஓடுது. வெளியாளா நினைச்சிருந்தா இப்படியெல்லாம் நடத்துவோமா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய அதிகாரி மெல்ல எழுந்து வந்து, பெரியப்பா சட்டைக்குள் என் தோள் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதைத் தட்டிக்கொடுத்தார்.

நான் இப்போது கண்காணிப்பாளர். எங்கள் அலுவலகம் வீட்டு உணர்வில் முதல் தரம் பெற்றுவிட்டது. சான்றிதழை மாட்டச் சுவரில் ஆணி அடித்ததைத் தவிர ஒரு காசு செலவில்லை.

நேற்று ஒருவர், அப்பாவின் பெயரில் இருக்கும் குடிநீர் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற நடையாய் நடப்பவர், பொறுமை இழந்து சத்தம் போட்டார். நாங்களெல்லாம் மனுஷர்களே இல்லையாம். மந்திரி வரைக்கும் போவாராம். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அப்படி உரிமையோடு அவர் கத்தியதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்று காலை ஜன்னலைத் திறந்தால், வரிசையில் முதல் ஆளாக அவர்தான் நிற்கிறார். வேறே எங்கே போவார், பாவம்.