நீல நாற்காலியில் அஞ்சு நிமிஷம்

தாம்பரத்தில் ஆரம்பித்து செங்கல்பட்டு வரைக்கும் தேடினாலும், தான் செய்த தப்புக்குத் தானே தண்டனை விதித்து, தானே நாற்காலி தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும் இன்னொரு மனிதரை யாராலும் காட்ட முடியாது. எனக்கு எழுபத்திரண்டு வயது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த அப்படிப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை ஒன்று.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சிட்லபாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளுக்கும் அவர் ‘அஞ்சு நிமிஷம்’தான்.

அவர் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து அவருக்கு முன்னால் இறங்கியது ஒரு பை. ஓர் ஆளைப் படுக்கவைக்கும் நீளம். கூடவே ஒரு வாடை. எங்கள் வாட்ச்மேன் கஜேந்திரன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். நான்தான் சங்கத்தின் செயலாளர்.

“சார், உள்ள யாராச்சும் கீறாங்களான்னு பாத்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க.”

பின்னாலேயே ஒரு குரல் கேட்டது. “அது என் யூனிஃபார்ம் அண்ணாத்த. தொவைக்க முடியாது, வெயில்ல காய வெக்கணும். அவ்ளோதான்.”

மொட்டைமாடியில் காய வைத்தார். எங்கள் மாடிக்குத் தினமும் ஒன்பது காகங்கள் வரும். அன்று ஒன்றுகூட வரவில்லை. மூன்றாம் மாடி அம்மாள் போட்டிருந்த வடாம் அத்தனையையும் எடுத்துக் கொட்டிவிட்டுத் தலைக்குக் குளித்தார்.

ஆள் ஆறடி நாலு அங்குலம். தலைக்கும் தோளுக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு கழுத்து இருக்குமே, அது அவருக்கு இல்லை. முகத்தில் தையல் போட்ட தழும்புகள். பேச்சுக்கு நடுவே எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று தேறியது. கனடாவிலிருந்து வந்தவர் என்றதால் நாங்கள் எல்லோரும் ஆங்கிலத்தைத் தயார் செய்துகொண்டு நின்றோம். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பிக் கேட்டது இதுதான்:

“இன்னா சார், நல்லா கீறீங்களா? மோட்டார் எத்தினி மணிக்குப் போடுவீங்க?”

ஏழு வயதில் பெற்றோர் அவரைக் கனடாவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அம்மா தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அந்த அம்மாவின் தமிழைத்தான் பிள்ளை பனிக்கு நடுவே பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தார். அப்பா காலமானதும், தான் ஞானஸ்நானம் பெற்ற சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸையாவது பார்த்துவிட வேண்டும் என்று அம்மா கிளம்பி வந்தார். வந்த இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் பறந்து வந்துவிட்டார்.

இடுப்பு முறிந்தவருக்குத் தரைத்தள வீடு வேண்டும். சிட்லபாக்கத்தில் ஆரம்பித்து ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை பதினான்கு வீடு பார்த்திருக்கிறார். போனில் ‘வாங்க வாங்க’ என்றவர்கள் முகத்தைப் பார்த்ததும், “அடடா, இப்பதான் அட்வான்ஸ் வாங்கினோம்” என்றார்கள். பதினைந்தாவது எங்கள் கட்டடத்தின் தரைத்தள வீடு. அதன் சொந்தக்காரர் பெங்களூரில் இருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் என்ன வேலை பார்த்தவர் என்பது, தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில்தான் எனக்குத் தெரிந்தது. லாரிக்காரர் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்து, கேட்டை இடிக்க வந்தார். நம் ‘அஞ்சு நிமிஷம்’ ஒரே ஒரு சத்தம் போட்டார். லாரி நின்றது. தெருவே நின்றது. அடுத்த தெருவில் இஸ்திரி போடுபவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாராம். கத்தி முடித்தவர் லாரிக்காரரிடம் போய், “சாரிண்ணா, ஓவரா பூடுச்சு” என்றார். பிறகு வாட்ச்மேனின் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னப்பா, உடம்புக்கு ஏதாவது செய்யுதா?” என்றேன்.

“இல்ல சார். கத்திட்டேன்ல? ரெண்டு நிமிஷம்.”

ரெண்டு நிமிஷம் ஆனதும் எழுந்து வந்து சொன்னார்.

“நான் ஐஸ் ஹாக்கி பிளேயர் சார். சம்பளத்துக்கு ஆடுனவன். பதிமூணு சீசன்.”

“அடேயப்பா. எத்தனை கோல்?”

“நாலு சார்.”

“ஒரு மேட்ச்சிலா?”

“மொத்தமா.”

நாலைப் பதிமூன்றால் வகுத்துப் பார்த்தேன். எனக்கே கவலையாகிவிட்டது. “அப்புறம் எதுக்குப்பா சம்பளம் கொடுத்தாங்க?”

“அடி வாங்க சார். குடுக்கவும்.”

சின்ன ஊர், சின்ன டீம். அதில் கோல் போடுகிற பையன் ஒருவன், பூஞ்சை உடம்பு, புயல் வேகம். அவனை எதிர் டீம்காரர்கள் களத்தைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவரோடு சேர்த்து நசுக்குவார்கள். அப்போதுதான் நம்மவர் ஐஸில் இறங்குவார்.

“அவங்க டீம்லயும் என்னிய மாதிரி ஒருத்தன் இருப்பான் சார். அவன்கிட்ட போயி ‘போலாமா’ன்னு கேப்பேன். ‘சரி’ம்பான். ரெண்டு பேரும் கிளவுஸைக் கழட்டிப் போட்டுட்டு ஆரம்பிப்போம்.”

“கேட்டுட்டா அடிப்பீங்க?”

“கேக்காம அடிக்கறது மரியாதையில்ல சார்.”

நான் பதினோரு வருஷமாகச் செயலாளர். எங்கள் பன்னிரண்டு வீடுகளில் ஒருவர்கூட இன்னொருவரிடம் சண்டைக்கு முன்னால் அனுமதி கேட்டதில்லை.

“பயமே இருக்காதா?”

“பயமில்லாத எப்டி சார்? ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மின்னாடி பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டுதான் போவேன். முக்கியமா, பல்லக் கழட்டி வெச்சிடணும். இல்லாங்காட்டி தொண்டைல பூடும்.” சொல்லிக்கொண்டே முன்பல் மூன்றையும் ஒரே செட்டாகக் கழற்றிக் காட்டினார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

தண்டனை விஷயத்தையும் அன்றுதான் விளக்கினார். ஆட்டக்களத்தை ஒட்டிக் கண்ணாடி அடைப்பு ஒன்று இருக்குமாம். சண்டை போட்டுக்கொண்டால் இருவருக்கும் ஐந்து நிமிஷம் அதற்குள் உட்காரல். ஒருவர் மட்டும் தப்பு செய்தால் அவருக்கு மட்டும் ரெண்டு நிமிஷம். அதுவரை அவர் டீம் ஒரு ஆள் கம்மியாக ஆட வேண்டும்.

“அதான் சார் பேஜாரு. சொம்மா குந்திகினு இருக்கறது பெரிசில்ல. நம்மளால மத்தவங்க நாக்கு தள்ள ஓடுவாங்க பாருங்க, அத்த கண்ணாடி வழியா பாத்துகினு குந்தணும்.”

இப்படிப் பதிமூன்று வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. நடைபாதையில் பைக்கை ஏற்றிப் பூக்காரம்மாளை உரசிய ஒருவனை ஒருநாள் பைக்கோடு சேர்த்துத் தூக்கித் தார் ரோட்டில் இறக்கி வைத்தார். வைத்தவர் நேராக வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். அன்று வந்ததுதான் பெயர்.

நான் வாய் பிளந்து நின்றது மழைக்காலத்தில். எங்கள் கார் நிறுத்தும் தளம் நவம்பரில் பச்சைப் பாசி பிடித்துவிடும். அந்த வாரம் விழுந்தவர்கள் நான்கு பேர், என்னையும் சேர்த்து. அஞ்சு நிமிஷம் தோளில் நிறை சிலிண்டரோடு, காலில் ரப்பர் செருப்போடு வந்தார். ஒரு காலை அழுத்தி ஒரு தள்ளு தள்ளினார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டே வந்து, இரண்டு காருக்கு நடுவே அரை வட்டம் அடித்து, லிஃப்ட் வாசலில் சட்டென்று நின்றார். சிலிண்டர் அசையவில்லை. அந்த மலை உடம்பு அந்த நேரத்தில் காற்றடைத்த பை மாதிரி இருந்தது.

“பாசியும் ஐஸும் ஒண்ணுதான் சார்” என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. வழுக்கிவிடும் என்று தூணை விடவில்லை.

இப்படிப்பட்டவருக்கு வினை ஒரு வீடியோவாக வந்தது. அவர் அம்மாவின் வாக்கருக்காக நாங்கள் கட்டிய சாய்தளம், இரண்டாம் மாடி ரியல் எஸ்டேட்காரரின் கார் இடத்தில் ஒன்றரை அடியைத் தின்றிருந்தது. அந்த வயிற்றெரிச்சலில் அவர் இணையத்தில் துழாவி, அஞ்சு நிமிஷம் ஒருவர் முகத்தில் குத்தோ குத்து என்று குத்தும் பழைய காட்சியை எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி: ‘நம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு உண்டா?’ பெங்களூர் சொந்தக்காரருக்கும் அனுப்பினார். “சங்கம் போகச் சொன்னால் காலி செய்யச் சொல்லிவிடுகிறேன்” என்று பதில் வந்தது.

ஞாயிறு மாலை கார் நிறுத்தும் தளத்தில் கூட்டம். அஞ்சு நிமிஷம் ஓரமாக நின்றார். அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் வாக்கரைப் பிடித்தபடி அம்மா. கூட்டம் போகச் சொன்னால், பதினாறாவது வீட்டை எங்கே தேடுவார் என்பதுதான் என் கவலை.

“காசு வாங்கிட்டு ஆளை அடிக்கிற ரௌடி சார் இவரு!” என்றார் ரியல் எஸ்டேட்காரர். “இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க.”

“ஆமா சார்” என்றார் அஞ்சு நிமிஷம்.

உதவி செய்வதாக நினைத்து நான் கேட்டேன். “மொத்தம் எத்தனை பேரைப்பா?”

“நூத்தி அறுவது இருக்கும் சார்.”

கூட்டம் மூச்சை இழுத்தது. “அதுல பாதிப் பேரு என்னியத்தான் அடிச்சாங்க” என்று அவர் சேர்த்துக்கொண்டது யார் காதிலும் விழவில்லை.

ரியல் எஸ்டேட்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “இவருக்கு வீடு, அந்தக் கிழவிக்கு சாய்தளம்! இடுப்பு ஒடஞ்சா எங்கயாவது ஹோம்ல கொண்டுபோய்த் தள்ள வேண்டியதுதானே? எங்க உயிரை ஏன் வாங்கணும்?”

வாசலில் வாக்கர் ஒருமுறை தரையில் தட்டியது.

அஞ்சு நிமிஷம் வாயில் கையை வைத்தார். மூன்று பல்லையும் கழற்றினார். துடைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ‘ஐயா, ஓடிப் போங்க’ என்று கத்த நினைத்தேன். அதற்குள் அவர் நடந்தார். ரியல் எஸ்டேட்காரர் பக்கத்தில் போனார். அவரைத் தாண்டினார். நேரே போய் நீல நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்கள் சங்கத் தலைவர் குழம்பிப் போனார். “என்னப்பா இது? நீ ஒண்ணுமே பண்ணலையே!”

“மனசுல அடிச்சிட்டேன் சார்.” பல் இல்லாமல் வார்த்தைகள் காற்றாக வந்தன. “நல்லாவே அடிச்சிட்டேன். அஞ்சு நிமிஷம்.”

தன் நாற்காலியில் அவர் உட்காரும் காரணத்தைப் பலமுறை கேட்டிருந்த கஜேந்திரன்தான் தொண்டையைச் செருமினார். “அப்போ ரெண்டு பேரும்தான சார் குந்தணும்? சண்டைன்னா ரெண்டு பேருக்கும் அஞ்சு நிமிஷம். அதான ரூல்ஸு?”

“யோவ், நீ யாருய்யா எனக்கு ரூல்ஸ் சொல்ல?” என்று ரியல் எஸ்டேட்காரர் எகிறினார். அவர் மனைவி எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நீல நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

“ஏங்க, வந்து உக்காருங்க.”

“என்னடி விளையாடறியா?”

“பெரியவங்களப் பத்திப் பேசுற பேச்சா அது? வாங்க. அவ்வளவு பெரிய மனுஷன் அவரே உக்காந்திருக்காரு.”

வந்து உட்கார்ந்தார்.

மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. சாதாரண நாளில் அந்தச் சத்தத்துக்கு எனக்கு உயிர் போகும். அன்று மோட்டாரை நிறுத்த நான் எழுந்திருக்கவில்லை. யாருமே எழுந்திருக்கவில்லை. அஞ்சு நிமிஷம் மெல்லப் பக்கத்தில் திரும்பினார். கிட்டத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“மொத தபா கஷ்டமாத்தான் இருக்கும் சார். போவப் போவ பழகிடும்.”

நேரம் முடிந்ததும் தலைவர் கேட்டார். “இவங்க காலி பண்ணணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க.” இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் பூஜ்யம். பெங்களூருக்கு நானே போன் போட்டேன்.

போன வருஷம் அம்மா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்குச் சர்ச் படிகளைத் தானே ஏறினார். அதன்பின் இருவரும் கனடா திரும்பிவிட்டார்கள். பழைய ஊரிலேயே சின்னக் குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறாராம். “விழறதுக்குத்தான் சார் மொதல்ல கத்துத் தரேன்” என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். மொட்டைமாடிக்குக் காகங்கள் திரும்பிவிட்டன. நீல நாற்காலியின் ஒரு கால் விரிசல் விட்டுவிட்டது. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, “அது இருக்கட்டும் சார்” என்றது ரியல் எஸ்டேட்காரர்.

அந்த வீட்டுக்கு இப்போது ஒரு கணவன் மனைவி குடிவந்திருக்கிறார்கள். இரண்டு பேர் போனார்கள், இரண்டு பேர் வந்தார்கள். குடியிருப்பில் அப்போதும் நாற்பத்தொரு பேர், இப்போதும் நாற்பத்தொரு பேர். கணக்கில் பிசகு இல்லை. ஆனாலும் மழை வந்து, தரையில் பாசி பிடித்து, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எண்ணிப் பார்த்தால், நாங்கள் ஒரு ஆள் கம்மியாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம்.