சுற்றமும் நட்பும் சூழ ஒரு வெப்சைட்

எங்கள் வீட்டில் ஒன்பது சுவர்க்கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நாங்கள் வாங்கவில்லை. புதிதாக வருகிறவர்கள், "கடிகாரம் ரிப்பேர் பாக்கியளோ?" என்று கேட்கிறார்கள். இல்லை. ஒரு தடவை வெப்சைட் எழுதினேன், அவ்வளவுதான்.

என் மனைவி செண்பகம் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, பாளையங்கோட்டை வீட்டிலேயே சொதி சமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினாள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தில் தேங்காய்ப்பால் சொதி இல்லாவிட்டால் சம்பந்தம் முறியாது; ஆனால் பேரன் கல்லூரிக்குப் போகும்வரை அந்தப் பேச்சு இருக்கும். ஆகவே தொழில் ஓடும் என்று நம்பினாள். ஓடாவிட்டால்?

"மாசக் கடைசிக்குள்ள வந்தா வேலை தாரோம்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காவ. மொத ஆர்டரே கெட்டுப்போச்சுன்னா, பேசாம திரும்பப் போயிருவேன்" என்றாள்.

பெங்களூரில் இருக்கும் மகள், "வெப்சைட் இல்லாம இப்ப யாருப்பா தொழில் பண்றா?" என்று இலவசமாக ஒன்றை உருவாக்கி, எழுத்தை மட்டும் என்னிடம் விட்டாள். (நிறையப் படித்தவன் நன்றாக எழுதுவான் என்றொரு மூடநம்பிக்கை அப்போது எங்கள் குடும்பத்தில் இருந்தது.) "நாலு வரி போதும். பாக்குறவங்க என்ன செய்யணும்னு கடைசியில சொல்லிருங்க."

இரண்டு நாள் யோசித்தேன். படிப்பவரை ஒரு காரியம் செய்யச் சொல்லி முடிகிற எழுத்து எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: கல்யாணப் பத்திரிகை. எழுதினேன்.

"நிகழும் மங்களகரமான ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, சுபயோக சுபதினத்தில், எங்கள் இல்லத்தில் 'செண்பகம் சொதி' இனிதே தொடங்க இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, விருந்துண்டு சிறப்பிக்க வேண்டுகிறோம்."

கீழே வீட்டு முகவரி. பின்னணியில் மஞ்சள். செண்பகம் சிரித்த மாதிரி இருக்கும் ஒரே படம் எங்கள் கல்யாணப் படம் என்பதால், மாலையும் கழுத்துமாக அதையும் சேர்த்தேன். அவள் தேங்காய் விலை விசாரிக்கும் மும்முரத்தில் எதையும் படிக்கவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைகூப்பும் படங்கள் குவிந்தன. ஆர்டர் பொத்தானை அமுக்கியவர் ஒரே ஒருவர், இணையத்தில் சொதி தேடி வந்த, முன்பின் தெரியாத சென்னைக்காரர். அதே ஞாயிறு, பாளையங்கோட்டை மண்டபத்தில், அவருடைய மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேருக்குச் சொதி. பகல் ஒரு மணி.

அன்று பதினொரு மணிக்கெல்லாம் சொதியும் இஞ்சித் துவையலும் தயார். செண்பகம் மண்டபத்தைப் பார்த்துவிட்டு லோடு ஆட்டோவோடு வருவதாகக் கிளம்பினாள். "அடுப்படிப் பக்கம் போயிராதீங்க" என்பது மட்டுமே எனக்கு இட்ட பணி.

அவள் தலை மறைந்ததும், விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா மகன் ஏழு பேரோடு வந்து இறங்கினார். கையில் சுவர்க்கடிகாரம்.

"ஏலே, நேர்ல வந்து வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும்னு உனக்குத் தோணல. போட்டும். போன்ல கூப்பிட்டாலும் அழைப்பு அழைப்புதான?"

"அண்ணாச்சி, அது வந்து... வெப்சைட்டு..."

"எதுவா இருந்தா என்னலே? 'விருந்துண்டு'ன்னு நீதான எழுதியிருக்க?"

பின்னாலேயே ஏரல் அத்தை ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தாள். பிறகு ஆட்டோக்கள். பிறகு இன்னும் கடிகாரங்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்த சொந்தக்காரரிடம் 'இது ஆர்டர்' என்று சொல்லும் துணிச்சல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. (நான் வீரமாகத் தொண்டையைச் செருமிப் பார்த்தேன். அத்தை தண்ணீர் கொடுத்தாள்.) இலை போட்டேன்.

செண்பகம் திரும்பியபோது இரண்டாம் பந்தி. அண்டாவின் அடி தெரிந்தது.

"யாரக் கேட்டு இலை போட்டீங்க?"

போனை நீட்டினேன். முதல்முறையாக முழுவதும் படித்தாள். "இது வெளம்பரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்."

விஷயம் புரிந்ததும் ஏரல் அத்தைதான் முதலில் கை கழுவிவிட்டு வந்தாள். "ஏட்டி, எந்திரி. திங்கத் தெரிஞ்ச எங்களுக்கு ஆக்கத் தெரியாதா? ஏலே, நீ ஓடிப்போயி பதினஞ்சு தேங்கா வாங்கிட்டு வா. எழுதிக்கிட்டு நிக்காத, வாங்கிட்டு வா."

அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். எட்டுப் பெண்கள் துருவினார்கள், பிழிந்தார்கள், என்னை ஏசினார்கள். ஒன்றரை மணிக்குச் சென்னைக்காரர் வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வெறும் இலையப் பாத்துக்கிட்டு..."

"வாங்க, வாங்க. லேட்டானா என்ன? மூணாம் பந்தி இருக்குல்லா!" என்று அண்ணாச்சி அவரை உட்கார வைத்து, கொதிக்கும் அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் சொதியைக் கையில் கொடுத்துவிட்டார். திட்ட வந்தவர் குடித்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்" என்றாள் செண்பகம்.

"அதுவரைக்கும் இன்னொரு டம்ளர் கிடைக்குமா?"

இரண்டேகாலுக்குச் சொதி மண்டபம் சேர்ந்தது. சம்பந்தியம்மா மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம். (ருசியா, பசியா என்று நான் ஆராயவில்லை.) செண்பகம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அடுத்த ஆர்டர்கள் அந்த மண்டபத்திலிருந்தும், ஓசியில் சாப்பிட்டுப்போன சொந்தங்களின் வாய் வழியாகவும் வந்தன. "பாத்தீங்களா, வெப்சைட் வேலை செஞ்சிருச்சு!" என்கிறாள் மகள்.

அதில் இப்போது இருப்பது செண்பகத்தின் எழுத்து: "ஆர்டருக்குப் போன் செய்யவும். நேரில் வந்தால் தண்ணீர் மட்டும் கிடைக்கும்."

அன்றிலிருந்து நான் எதை எழுதினாலும், பால்காரருக்கு எழுதிவைக்கும் சீட்டாக இருந்தாலும், அவள் பார்த்துத்தான் வெளியே போகும். இந்தக் கட்டுரையையும் வாங்கினாள். முதல் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனாள்.

"யாரையும் சாப்பிடக் கூப்பிடலல்லா?"