விளக்குக் கம்பத்துக்கும் ஒரு ஸாரி

ஜன்னலுக்கு வெளியே டெரிக்கின் நீல ஸ்வெட்டர் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தது வெர்னன்.

"பாரு, பிரெண்டா! கையாட்டிட்டு வேற போறான்!" டெரிக் துள்ளியதில் கோப்பையிலிருந்த டீ பூனையின் மேல் சிந்தியது.

"ஸாரிடா செல்லம்," என்றாள் பிரெண்டா, பூனையிடம்.

வெர்னன், பிரெண்டாவின் முதல் புருஷன். மூன்று வீடு தள்ளி இருக்கிறான். தேவாலயத்தில் நடந்த பழைய சாமான் விற்பனைக்குப் பிரெண்டா அந்த ஸ்வெட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட, இவன் போய் வாங்கிக்கொண்டான். ஸ்வெட்டர் போனால் போகிறது. பிரெண்டா ஒரு ஸாரி சொல்லியிருந்தால் டெரிக் அன்றைக்கே மறந்திருப்பான். மூன்று வாரமாகியும் அவள் சொல்லவில்லை.

எங்கள் யார்க்‌ஷயரில் ஸாரிக்கா பஞ்சம்? இடித்தவன் சொல்வான், இடிபட்டவனும் சொல்வான். காது கேட்காவிட்டால் ஸாரி, வழி வேண்டுமென்றால் ஸாரி, கடைக்காரரைக் கூப்பிட ஸாரி, சாவு வீட்டில் ஸாரி. ஒருவனை முட்டாள் என்று சொல்லுமுன்கூட மரியாதையாக ஒரு ஸாரி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். பிரெண்டா எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள். போன மாதம் விளக்குக் கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டு அதனிடமும் சொன்னாள். டெரிக்குக்கு அந்தக் கம்பத்தின் மேல் வந்த பொறாமை இன்னும் அடங்கவில்லை.

வெர்னன் விஷயம் அதைவிட மோசம். அன்று காலை ரொட்டிக் கடை வரிசையில் டெரிக் கண்ணெதிரேயே நடந்தது.

"ஸாரி வெர்னன், பை பட்டுடுச்சா?"

"அய்யோ ஸாரி, நான்தான் குறுக்க நின்னுட்டேன்."

"சேச்சே, நான்தான். ஸாரி!"

கட்டின புருஷனுக்கு ஒன்றுகூட இல்லை, அவள் விட்டுவிட்டு வந்தவனுக்கு வாய் நிறைய! ஆனால் கேட்டு வாங்கினால் என்ன கௌரவம்? தானாக வர வேண்டும். வர வைப்பது என்று டெரிக் முடிவு செய்தான்.

மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தான். உப்பைக் கேட்பதுபோல வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தான். ஊரில் யாராக இருந்தாலும் "ஸாரி?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

"வாயில என்ன, முழு உருளைக்கிழங்கா? முழுங்கிட்டுப் பேசு," என்றாள் பிரெண்டா.

இன்னும் குழறலாகச் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. நேராகத் தொலைபேசிக்குப் போனாள். "ஸாரி, தொந்தரவு பண்றேன்... என் வீட்டுக்காரருக்கு வாய் குழறுது."

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் வந்து, பக்கவாதமா என்று பார்க்க டெரிக்கின் கையைத் தூக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள். அவனுக்குச் சிரிப்பே வரவில்லை. அது அவர்களை இன்னும் கவலைப்படுத்தியது. படி செங்குத்தாக இருப்பதற்காகவும், பிஸ்கட் தீர்ந்துபோனதற்காகவும் பிரெண்டா இருவருக்கும் தனித்தனியாக ஸாரி சொன்னாள்.

"ஐயாவுக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார் ஒருவர். "ஸாரி."

மறுநாள் பஸ்ஸில், அவள் தன் காலை மிதிக்கட்டும் என்று இருக்கைகளுக்கு நடுவே நீட்டி வைத்தான். பிரெண்டா அழகாகத் தாண்டிப் போனாள். பஸ் சடாரென்று நின்றது. டெரிக் சரிந்து, எதிர் இருக்கை அம்மாள் மடியில் வைத்திருந்த கஸ்டர்ட் பெட்டியில் உட்கார்ந்தான்.

"அய்யய்யோ ஸாரி! இவருக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல," என்றாள் பிரெண்டா.

"ஸாரிம்மா, நான்தான் கீழ வெச்சிருக்கணும்," என்றாள் அந்த அம்மாள். ஓட்டுநர் எழுந்து திரும்பி, பஸ்ஸுக்கே மொத்தமாக ஒரு ஸாரி சொன்னார். டெரிக்குக்குக் கிடைத்தது கால்சட்டை முழுக்கக் கஸ்டர்ட்தான்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தான். "நான் என்ன, கம்பத்தைவிடக் கேவலமா?"

"எந்தக் கம்பம்?"

"வெர்னனுக்குன்னா மட்டும் வாய் நிறைய வருதே! எனக்குச் சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"வெளியாளுக்குத்தானே டெரிக் அதெல்லாம். நீ வீட்டு ஆளு."

"எனக்கும் வேணும்!"

"சரி," என்றாள். "யோசிக்கிறேன்."

அவள் யோசிக்கட்டும் என்று டெரிக் பேச்சை நிறுத்தினான். ஒரு வாரம் முழுக்கப் பூனை வழியாகத்தான் பேசினான். "டீ ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு."

சனிக்கிழமை காலை பரண் ஏணியில் நின்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் வேண்டுமென்றே நேர் கீழே போய் நின்றான். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்த பச்சைப் பெட்டி, ஒரு சக்கரம் உடைந்தது, வழுக்கிக்கொண்டு வந்து அவன் கால் கட்டைவிரலில் நச்சென்று இறங்கியது.

பிரெண்டா இறங்கி வந்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள்.

"ஸாரி, டெரிக்."

வலி எங்கே போனதோ! "பரவாயில்ல, பரவாயில்ல!" என்று நொண்டிக்கொண்டே ஆடினான். பெட்டி அடுத்த விற்பனைக்குத்தான் போகிறது என்று நினைத்து, தானே தூசி தட்டி வாசல் வரை கொண்டுபோய் வைத்தான். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் பப்புக்குப் போனான்.

மூலையில் வெர்னன், அதே நீல ஸ்வெட்டரில், பீரோடு உட்கார்ந்திருந்தான்.

"என் கணக்குல இன்னொண்ணு குடிப்பா!" என்றான் டெரிக். "கிடைச்சிடுச்சு!"

"என்ன கிடைச்சுது?"

"ஸாரி! உனக்கு வரிசையில நிக்கும்போது வீசுறாளே, அந்த மாதிரி இல்ல. கண்ணைப் பார்த்து, பேரைச் சொல்லி!"

வெர்னன் கிளாஸைக் கீழே வைத்தான். டெரிக்கின் வீங்கிய கால் விரலைப் பார்த்தான். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, அவன் முன்னால் நகர்த்தினான்.

"வெச்சுக்க. இனிமே வீடு கொஞ்சம் குளிரும்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"அவகூட வாழ்ந்த பதினோரு வருஷத்துல எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னா, டெரிக், அதுவும் கடைசி நாள்ல," என்றான் வெர்னன். "பச்சைப் பெட்டிதானே கால்ல விழுந்துச்சு?"