ஜாமீன் அண்ணனின் சாக்சபோன்

ஈப்போ வட்டாரத்தில் ஜாமீன் அண்ணன் கையெழுத்துப் போடாத காகிதம் என்று ஒன்று இருந்திருந்தால், அது ரிங்கிட் நோட்டாகத்தான் இருக்கும். அதையும் யாராவது நீட்டிக் கேட்டிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஜெலாப்பாங்கில் ஒரு பலகை வீட்டில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அண்ணன் அடுத்த வீடு. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சனி ஞாயிறு சாக்சபோன் வாசிப்பார். கோயிலோ மாதா கோயிலோ, கல்யாணமோ சாவோ, கூப்பிட்டால் போதும். கல்யாணத்துக்கு வாசித்ததையே கொஞ்சம் மெதுவாக வாசித்தால் அது சாவுக்கு. சன்மானம் ஒரு வேளைச் சோறு. ஒரு ரிங்கிட், எங்கள் பேச்சில் ஒரு வெள்ளி, நீட்டினாலும் கோபம் வரும்.

அவர் கையெழுத்து ஓர் அலங்காரம். பேனா மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு கோடு இழுத்து, கடைசியில் இரண்டு புள்ளி வைத்து ஓயும். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன், கடை வைக்கிறவன், எல்லாரும் வெற்றிலைத் தட்டில் நான்கு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார்கள். தட்டோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்குத் தெரியாது.

"அண்ணே, அவன் கட்டலன்னா நீங்கதான் கட்டணும், தெரியுமா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கல்யாணத்துக்குப் பத்து வெள்ளி எழுதுறோம். கடனுக்குப் பேரை எழுதுறோம். ரெண்டும் மொய்தான் லா, மச்சான்!"

எண்பதுகளின் நடுவில் ஈய விலை விழுந்தது. ஈயச் சுரங்கங்களை நம்பியிருந்த ஊரே ஆட்டம் கண்டது. அண்ணனின் ஜாமீனில் லாரி வாங்கியவன் ஹுத்தான் மெலிந்தாங்குக்கு மீன் ஏற்றப் போனான். மீனும் வரவில்லை, லாரியும் வரவில்லை, அவனும் வரவில்லை. வங்கிக்காரர்கள் மட்டும் வந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலையும் ஆட்களைக் குறைத்தது. முதலில் குறைந்தவர் அண்ணன். நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது.

தெரு முழுக்க யோசனைதான். சிங்கப்பூருக்கு ஓடிவிடச் சொன்னார் ஒருவர். வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாங்கி வங்கிக்குக் கட்டச் சொன்னார் இன்னொருவர். அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா துடைப்பத்தை எடுத்ததும் யோசனைகள் நின்றன. அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டி, டை கட்டி, பஸ் ஏறித் திவால் அலுவலகத்துக்கே நேராகப் போனார். லாட்டரி அடித்தவர் முகத்தோடு திரும்பினார்.

"மச்சான், பயந்துகிட்டே போனேன். நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க லா! ஒளியாம வந்து உள்ளதச் சொன்னா, மாசாமாசம் முடிஞ்சதக் கட்டுன்னு சொல்றாங்க. தொழில் சாமானத் தொட மாட்டாங்களாம். என் சாக்சபோன் இருக்கு! அத வச்சுப் பொழச்சுக்குவேன்."

அங்கேதான் சிக்கல். அது தொழில் சாமான்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி நேரில் வந்தார். நம்மவர்தான். ஆனால் சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அண்ணன் வாசித்துக் காட்டினார். அதிகாரி அசையவில்லை.

"நல்லா வாசிக்கிறீங்க. இதுக்கு யாரு காசு குடுக்குறா?"

"சோறு போடுவாங்க சார்" என்றார் அண்ணன். பொய் சொல்ல அவருக்கு வராது. தெருவே வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாக்சபோன் போனால் அடுப்பு எரியாது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் முன்னால் வந்தவர் அப்பம் விற்கும் மேரி அக்கா. "எம்மக கல்யாணத்துக்கு வாசிச்சாரு சார். நாங்கதான் குடுக்கல. இந்தாங்க இருபது வெள்ளி."

அடுத்து ஒருவர், அப்பா சாவுக்கு என்று பத்து வெள்ளி. அவர் பின்னால் இன்னொருவர். நம் ஆட்கள் வரிசையில் நின்று பணம் கொடுத்தால் கை சும்மா இருக்குமா? யாரோ ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்து, "முனியாண்டி, பதினஞ்சு வெள்ளி! பீட்டர் குடும்பத்தார், இருபது வெள்ளி!" என்று மொய் வாசிக்கத் தொடங்கிவிட்டார். செல்லம்மா அக்கா பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தார். அதிகாரியும் பூசிக்கொண்டார். பூசிக்கொண்டே பணத்தை எல்லாம் எண்ணி, ரசீது எழுதி, அண்ணனின் கடன் கணக்கில் சேர்த்துவிட்டார்.

போகிறபோது வாசலில் திரும்பினார். "அடுத்த மாசம் தாப்பாவுல என் தங்கச்சி கல்யாணம். வாசிக்க எவ்வளவு கேப்பீங்க?"

அண்ணன் முகம் மலர்ந்தது. "உங்ககிட்ட எதுக்குங்க காசு…"

செல்லம்மா அக்காவின் குதிகால் அண்ணனின் கால்விரலில் இறங்கியது.

"…கொறைச்சுக் கேக்கணும்? நூறு வெள்ளி!" என்று அலறினார் அண்ணன்.

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். சாக்சபோன் தப்பியது.

அதன் பிறகு அண்ணன் காசு வாங்கி வாசித்தார், மாதம் தவறாமல் கட்டினார். கடனில் தவிப்பவர்களை பஸ்ஸில் கண்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். "ஒளியாத தம்பி. பேங்க்குக்குப் போயி முடியலன்னு சொல்லு. தவணையக் கொறைக்கச் சொல்லிக் கேளு. ஆலோங் பக்கம் மட்டும் தலை வச்சுப் படுக்காத." கையெழுத்தை மட்டும் அறவே விட்டுவிட்டார். தபால்காரருக்குக்கூட செல்லம்மா அக்காதான் போடுவார்.

சில வருடங்களில் திவால் நிலையிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்தது. அந்த வாரம் நான் வெற்றிலைத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். என் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். தட்டைக் கண்டதும் அவருக்கு வியர்த்தது. அக்காதான், "போய்ட்டு வாங்க" என்றார்.

பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு பதிவாளரிடம் கவலையோடு கேட்டார். "இவன் ஒழுங்கா குடும்பம் நடத்தலன்னா நான் நடத்தணுமாங்க?"

தேவையில்லை என்று தெரிந்ததும் பேனா மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ஏறி, கீழே இறங்கியது. கோடு என் மனைவியின் பெயரைத் தாண்டிப் போய் நின்றது. கடைசிப் புள்ளியை வைத்தபோது அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

அண்ணன் இப்போது இல்லை. அந்தச் சான்றிதழ் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. எனக்காக யாரும் எதுவும் கட்ட வேண்டி வரவில்லை, அண்ணே. நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறேன்.