மஹ்லகா சந்தைக்குப் போயிருக்கிறாள்

லூக் ஏறிய டாக்ஸி நகர்ந்ததும் மஹ்லகா செப்புக் கிண்ணத்துத் தண்ணீரை அதன் பின்னால் வீசினாள். பாதி தெருவில் விழுந்தது. மீதி கணவர் ஹெஷ்மத்தின் செருப்பில்.

"ஒரு பெல்ஜியத்துக்காரனுக்கு இவ்வளவு தண்ணியா? ஆத்துலயே ஒரு சொட்டு இல்லை."

"அதுக்குத்தான். ஊர் விட்டுப் போறவங்க பின்னால தண்ணி ஊத்தினா திரும்பி வருவாங்க. ஆறு வர்றப்ப அவனும் வரட்டும்."

பாலத்தடியில் வெடித்துக் கிடந்த ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவனை, கடையிலிருந்து ரொட்டி வாங்கி வருவதுபோல அவள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. வெளிநாட்டுக்காரர் எவரையும் வெறும் வயிற்றோடு இரானின் இஸ்ஃபஹான் நகரத்தைவிட்டு அனுப்பியதில்லை.

"அவங்க டிவியில நம்மளைக் கறுப்புச் சட்டையிலதான் பார்த்திருக்காங்க. ஒண்ணு, மாரில அடிச்சுக்கிட்டு அழுவோம். இல்லேன்னா கையை மடக்கிக் கத்துவோம். நம்ம ஊரை விட்டுப் போறவன் சிரிச்சுக்கிட்டே போகணும்" என்பாள்.

அன்று காலை உணவின்போதும் லூக்கைப் புரையேறும் அளவுக்குச் சிரிக்கவைத்தாள், அதுவும் தன் அப்பாவின் சாவைச் சொல்லி.

"அவரு செத்ததை எங்கிட்ட ரெண்டு மாசம் சளின்னே சொன்னாங்க. நானும் எலுமிச்சம்பழமா அனுப்பிக்கிட்டே இருந்தேன்! எங்க ஊர்ல கெட்ட சேதியைப் பட்டுனு முன்னால வைக்க மாட்டோம் தம்பி. மூடி போட்டுத்தான் கொண்டு வருவோம்."

லூக் சிரித்து முடித்துவிட்டுப் பாடம் கேட்ட பையனைப்போலத் தலையாட்டினான்.

கிண்ணத்தை வாசல் குழாயடியில் கவிழ்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். மறுநாள் மதியம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் இதயம் நின்றுபோனது.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஹெஷ்மத்தின் போன் அடித்தது. அதே தெரு டாக்ஸிக்காரன் கொர்பான்.

"மாமா, அந்த பெல்ஜியத்துக்காரர் தெற்கெல்லாம் சுத்திட்டுத் திரும்பி வந்திருக்காரு. பஸ் நிலையத்துல நிக்கிறோம். சாயங்காலம் விமானமாம். அதுக்குள்ள உங்க ரெண்டு பேரையும் பார்க்கணும்னு..."

"எங்க ரெண்டு பேரையுமா? டேய், அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே!"

"மாமா, அது வந்து..."

ஹெஷ்மத் போனை வைத்துவிட்டார்.

கண்ணாடியில் பார்த்தார். மூன்று வாரத் தாடி. கறுப்புச் சட்டை. அழுது வீங்கிய கண்கள். அவர்கள் டிவியில் காட்டும் ஆள் அப்படியே நின்றுகொண்டிருந்தான். இந்த முகத்தையா அவன் கடைசியாகப் பார்த்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும்? மஹ்லகா மன்னிக்கமாட்டாள்.

தாடியை மழித்தார். அவள் வாங்கிக் கொடுத்து அவர் ஒருநாளும் போடாத மஞ்சள் சட்டையை மாட்டினார். கதவில் ஒட்டியிருந்த சாவு நோட்டீஸைக் கிழித்தார். கறுப்பு நாடா கட்டிய படம், சுவரில் தொங்கிய கறுப்புத் துணி எல்லாவற்றையும் வாரிப் படுக்கையறை அலமாரியில் திணித்து, தோளால் முட்டி மூடினார்.

கால் மணி நேரத்தில் வரவேண்டிய டாக்ஸி வெகுநேரம் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று ஹெஷ்மத் ஒரு பெட்டி கஸ் மிட்டாயும் வாங்கி வந்துவிட்டார்.

லூக் வாசலில் வந்து நின்றான். சட்டைக் கைகள் நனைந்திருந்தன. முழங்காலில் சேறு. பக்கத்தில் வந்தால் பன்னீர் வாசனை. ஆற்றிலோ தண்ணீர் இல்லை, இவன் எங்கே நனைந்தான் என்று ஹெஷ்மத்துக்குக் குழப்பமாக இருந்தது. பெல்ஜியத்தில் இப்படித்தான் சென்ட் போடுவார்கள் போலும்.

லூக் மஞ்சள் சட்டையைப் பார்த்தான். மழித்த கன்னத்தைப் பார்த்தான். இரண்டு கைகளையும் நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹெஷ்மத் முந்திக்கொண்டார்.

"வா, வா! மஹ்லகா சந்தைக்குப் போயிருக்கா. புதினா வாங்க. இதோ வந்துடுவா!"

லூக்கின் முகம் வெளுத்தது. மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அவர் எப்போது வருவார்?" என்று கேட்டான். புத்தகத்தில் படித்து, மஹ்லகா திருத்திக்கொடுத்த பாரசீகம்.

"இப்ப வந்துடுவா. இந்தா, மிட்டாய் சாப்பிடு."

லூக் மிட்டாயை எடுத்தான். கடிக்கவில்லை. அவன் பார்வை மூடியிருந்த படுக்கையறைக் கதவின்மேல் போய் நின்றது.

ஹெஷ்மத் மிட்டாய்ப் பெட்டியை அவன் பார்வைக்குக் குறுக்கே நீட்டினார். இரானியர்கள் பெண்டாட்டியை உள்ளே போட்டுப் பூட்டுவார்கள் என்று இவர்கள் ஊரில் பேசுவதாக மஹ்லகாவே சொல்லியிருக்கிறாள்.

அப்போது அடுத்த வீட்டுப் பூரான், மஹ்லகாவின் ஆத்மாவுக்காகக் கிண்டிய அல்வாத் தட்டோடு, தலைமுதல் கால்வரை கறுப்பில், ஒப்பாரிக்கு வாயைத் திறந்தபடியே நுழைந்தாள். மஞ்சள் சட்டையைக் கண்டதும் வாய் திறந்தபடியே நின்றது.

"அண்ணே! நாப்பதாம் நாள்கூட ஆகலையே! தாடி எங்கே? பொண்ணு பாக்கவா கிளம்பிட்டீங்க?"

ஹெஷ்மத் அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அவனுக்குத் தெரியாது. விருந்தாளி. இன்னிக்கே ஊருக்குப் போறான். அழவெச்சு அனுப்பணுமா? மஹ்லகா என்ன சொல்லுவா?"

பூரான் நல்லவள். உடனே புரிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்து, கூடத்துக்கு வந்து உரக்கச் சொன்னாள்: "மஹ்லகாவைத் தேடுறீங்களா தம்பி? அவ தெஹ்ரானுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா!"

"சந்தையிலேர்ந்து... அப்படியே தெஹ்ரான்" என்றார் ஹெஷ்மத்.

"புதினா அங்கதான் மலிவு" என்றாள் பூரான்.

லூக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பூரானைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான், ஏதோ உடன்படிக்கை போல. அது எதற்கென்று ஹெஷ்மத்துக்கு விளங்கவில்லை. போலீசுக்குப் போவதற்கோ என்று தோன்றியது.

இனி ஒரே வழிதான். "இந்த வீட்டுல பூட்டே கிடையாது, பாரு!" என்று படுக்கையறைக் கதவை அகலத் திறந்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல அலமாரி வாய்திறந்து கறுப்புத் துணியை உமிழ்ந்தது. பின்னாலேயே நாடா கட்டிய படம். மஹ்லகா தரையில் கிடந்து மூவரையும் பார்த்துச் சிரித்தாள்.

ஹெஷ்மத் கதவை அறைந்து சாத்தினார். திரும்பிப் பார்த்தால், லூக் முதுகைக் காட்டி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்று வெயில் நன்றாக இருக்கிறது" என்றான்.

பார்த்தானா, இல்லையா? ஹெஷ்மத் பேச்சை மாற்ற எலுமிச்சம்பழக் கதையையே எடுத்துவிட்டார். மஹ்லகா சொல்கிற மாதிரி கையை ஆட்டி, கண்ணை உருட்டி. பூரான் சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டியது. லூக்கும் சிரித்தான், அவனுக்கும் கொட்டியது. அவர்களைப் பார்த்து ஹெஷ்மத்துக்கும்.

பிறகு லூக் அவர் கையைப் பற்றிக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தான். "நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? இரவில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?"

"மஹ்லகாதான், வேற யாரு!"

அந்தப் பதிலைக் கேட்டு லூக் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். போயிற்று, இவன் நம்பவே இல்லை என்று ஹெஷ்மத் முடிவுகட்டிவிட்டார்.

கிளம்பும்போது அவன் ஒரு சின்னப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தான். யஸ்து நகரத்தில் வாங்கிய சால்வை. "அவர் வந்ததும் கொடுங்கள்" என்றான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் டாக்ஸியின் பின்பக்கம் கொர்பானிடம் போனான். ஹெஷ்மத் குழாயடியில் கவிழ்ந்து கிடந்த செப்புக் கிண்ணத்தை மூன்று வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தொட்டார். மஹ்லகா எப்போதோ கீழே போட்டு நெளித்த விளிம்பு அப்படியே இருந்தது. நிறைய நீர் பிடித்துக்கொண்டு வந்தார். லூக் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான். வாய் வலிக்கும் அளவுக்குச் சிரித்தபடி ஜன்னலில் கையாட்டினான்.

அப்பாடா, சிரிக்கிறான். ஹெஷ்மத் கொர்பானை ஓரமாக இழுத்தார்.

"விமானம் ஏறுற வரைக்கும் வாயைத் திறக்காதே. பிள்ளை சிரிச்ச முகமாவே போகட்டும்."

கொர்பான் பிடரியைச் சொறிந்தான். "மாமா, காலையிலேயே சொல்ல வந்தேன், நீங்க போனை வெச்சுட்டீங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் 'அம்மா சுகமா'ன்னாரு. எனக்குப் பொய் வரலை. அங்கேயே தரையில உக்காந்துட்டாரு. அப்புறம் நேரா கல்லறைக்குத்தான் போனோம். ரெண்டு பாட்டில் பன்னீர் வாங்கி, மண்டி போட்டுத் தன் கையாலயே ஊத்தினாரு."

ஹெஷ்மத் கிண்ணத்தோடு நின்றார். தண்ணீர் தளும்பிச் செருப்பில் விழுந்தது.

"அப்ப எதுக்குடா என்கிட்ட 'எப்போது வருவார்'னு கேட்டான்?"

கொர்பான் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இப்பக்கூட பெட்டியை வைக்கறப்ப என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு மாமா. 'பாவம், அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நீயும் பட்டென்று உடைத்துவிடாதே, மூடி போட்டுக் கொண்டு போ'ன்னு."